நவம்பர் 14-க்கு முன்னால் வரும் நாட்கள்

எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில், ஜனவரி முதல் தேதியன்றே அப்பா நான்கு நாட்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுவிடுவார். பிப்ரவரி 14, மே 15, ஆகஸ்ட் 14, நவம்பர் 14. பொங்கலும் தீபாவளியும் அச்சிலேயே சிவப்பாக வந்துவிடுகின்றன. இந்த நான்கை நாம்தான் சிவப்பாக்கிக்கொள்ள வேண்டும் என்பார்.

சொந்தக் காரோ பைக்கோ வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேதிகள் தெரிந்திருக்க நியாயமில்லை. தமிழ்நாட்டில் அவற்றுக்குப் பதிவு செய்யும்போதே ஆயுள்கால வரி கட்டிவிடுகிறோம். 2023 நவம்பரில் மாற்றியமைத்த விகிதப்படி, புதுக் காருக்கு விலையைப் பொறுத்து 12 முதல் 20 சதவீதம் வரை. கனமான தொகைதான், ஆனால் ஒருமுறை கட்டினால் பதினைந்து ஆண்டுகளுக்கு அந்தப் பேச்சே இல்லை. லாரிக்கு அப்படியில்லை. சரக்கோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை எவ்வளவு என்று பதிவாகியிருக்கிறதோ, அதை வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி. காலாண்டு தொடங்கிய நாளிலிருந்து 45 நாட்களுக்குள் கட்டிவிட வேண்டும். அப்பா வட்டமிடும் நான்கு நாட்களும் அந்த நாற்பத்தைந்தாவது நாட்கள்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு லாரி. நாமக்கல் பக்கம் தெருவுக்கு இரண்டு லாரி வீடுகளாவது இருக்கும். இருபது, முப்பது வண்டி வைத்திருப்பவர்களுக்குக் காகிதம் பார்க்கத் தனியாக ஓர் ஆள் உண்டு. ஒற்றை வண்டிக்காரர்களுக்கு அந்த ஆள் வீட்டுக்குள்ளேயேதான் இருந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். அப்பா இருபத்திரண்டு ஆண்டுகள் பிறர் வண்டிகளை ஓட்டிவிட்டு, சேமிப்பையும் அம்மாவின் நகையையும் வைத்துக் கடன் வாங்கி, பழைய வண்டி ஒன்றை வாங்கினார். முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகு எட்டு ஆண்டுகளாக ஓர் அண்ணன் ஓட்டுகிறார். இங்கிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரம் போவார். நாசிக் பக்கத்திலிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்புவார்.

நான் இந்த வேலையை எடுத்துக்கொண்ட புதிதில், வரி கட்டுவது பணம் சம்பந்தப்பட்ட காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். கையில் பணம் இருந்தால் கட்டிவிடலாம், இல்லாவிட்டால் புரட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று. பணம் புரட்டுவது கடினம்தான். ஆனால் இத்தனை ஆண்டுகளில் பணம் இல்லாமல் நாங்கள் தேதியைத் தவறவிட்டதே இல்லை. தவறியதும், தவறப் பார்த்ததும், எல்லாமே காகிதத்தால்தான்.

லாரியின் காகிதங்கள் கிணற்றுச் சகடையில் ஓடும் கயிறு மாதிரி ஒன்றையொன்று இழுப்பவை. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று எட்டு ஆண்டு வரையான வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுதோறும். எஃப்.சி.க்கு வண்டியைக் காட்ட வேண்டுமென்றால் வரி நடப்பில் இருக்க வேண்டும், காப்பீடு இருக்க வேண்டும், புகைச் சான்று இருக்க வேண்டும். மாநிலம் தாண்டி ஓட்ட நேஷனல் பெர்மிட் வேண்டும். ஆண்டுக்கு 16,500 ரூபாய் கட்டிப் புதுப்பிக்கும்போது எஃப்.சி.யும் வரியும் காப்பீடும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கணினியில் காப்பீட்டு விவரம் ஏறாவிட்டால் வரிப் பக்கமே நகராமல் நின்றுவிடும். ஒன்று அறுந்தால் மற்றவை வரிசையாக அறுகின்றன. அறுந்ததை முடிச்சுப் போடப் போனால், இது இல்லாமல் அது கிடைக்காது, அது இல்லாமல் இது கிடைக்காது என்ற இடத்தில் போய் நிற்போம்.

அப்படி நின்றது 2021-இல். கொரோனா வந்ததும், 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு காலாவதியான வாகன ஆவணங்களை எல்லாம் செல்லத்தக்கவையாகவே கருத வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. முதலில் அந்த ஜூன் வரை. பிறகு செப்டம்பர், டிசம்பர், அடுத்த ஆண்டு மார்ச் என்று நீட்டித்துக்கொண்டே போய், கடைசியில் 2021 அக்டோபர் 31-இல் நிறுத்தினார்கள். அந்த அறிவிப்பு அன்று எங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றியது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமில்லை. வண்டி ஓடாத மாதங்களில் எதைக் காட்டி எதைப் புதுப்பித்திருப்போம்? ஆனால் நீட்டிப்பு என்பது நாளைத் தள்ளிவைப்பதுதான், வேலை அப்படியே காத்திருக்கும் என்பதை நாங்கள் உணராமல் இருந்துவிட்டோம். நவம்பர் பிறந்ததும் எஃப்.சி., பெர்மிட், புகைச் சான்று மூன்றும் ஒரே வாரத்தில் கழுத்தில் ஏறின. எஃப்.சி. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம். பட்டறையில் தகர வேலை, பெயின்ட், ஒளிரும் பட்டை, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று பன்னிரண்டு நாட்கள் போயின. எல்லாம் முடிந்து எஃப்.சி. கைக்கு வந்த மகிழ்ச்சியில், அந்தக் காலாண்டு வரியை மறந்தே போனோம். ஏற்கெனவே கட்டியிருந்தது முந்தைய காலாண்டு வரை, எஃப்.சி.க்கு அது போதுமானதாக இருந்துவிட்டது. வண்டி லோடு ஏற்றிக்கொண்டு புறப்பட்டும் விட்டது.

அண்ணன் திரும்பி வரும்போது கிருஷ்ணகிரிக்கு அப்பால் நிறுத்தினார்கள். அதிகாரி வண்டி எண்ணைக் கைக்கருவியில் போட்டுப் பார்த்தார். வரி நடப்பில் இல்லை. தவறு முழுவதும் எங்களுடையது. நிறுத்தியவர் தம் வேலையைத்தான் செய்தார். வரியும் அபராதமும் கட்டி ரசீதைக் காட்டும் வரை வண்டி நகரக் கூடாது என்று ஓரமாக நிறுத்தி வைத்தார்கள். அன்று மாலை இணையதளம் திறக்கவில்லை. இரவு முழுவதும் திறக்கவில்லை. மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்குத்தான் கட்ட முடிந்தது.

அந்த இரவில் அப்பா கட்டிலில் படுக்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து மணிக்கு ஒருமுறை அண்ணனை அழைத்துக்கொண்டிருந்தார். "சாப்பிட்டாயா தம்பி? தார்ப்பாய் நன்றாக மூடியிருக்கிறதா? தண்ணீர் இருக்கிறதா?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டார். வெங்காய மூட்டைகள் காற்றோட்டம் இல்லாமல் நின்றால் வேர்க்கும், வேர்த்தால் அழுகும். விடிகாலை மண்டி ஏலத்துக்குச் சேர வேண்டிய சரக்கு. ஆனால் அன்று அப்பாவை உறுத்தியது வெங்காயம் இல்லை. "நாம் வீட்டில் உட்கார்ந்து தப்பு செய்தோம், அவன் ரோட்டில் நிற்கிறான்" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு பேசவில்லை.

அன்றிலிருந்து எனக்கு வரி என்றால் அந்த வாக்கியம்தான். உரிமையாளர் பெயருக்கு வருகிற கடிதம், உரிமையாளர் கட்ட வேண்டிய தொகை, உரிமையாளர் தவறவிட்ட தேதி. ஆனால் சாலையோரத்தில் கைகட்டிப் பதில் சொல்ல நிற்பவர் ஓட்டுநர். அவருக்கு அந்தக் காகிதத்தில் எந்தப் பங்கும் இல்லை. எங்கள் ஊரில் பத்து ஓட்டுநர்களைக் கேட்டால், 'முதலாளி காகிதம் சுத்தமாக வைத்திருப்பாரா?' என்பதைச் சம்பளத்துக்கு அடுத்தபடியாக விசாரித்துத்தான் வண்டி ஏறுகிறோம் என்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அது இதைவிடப் பயங்கரமானது. விபத்து நடந்து, அன்று வண்டிக்குச் செல்லத்தக்க பெர்மிட் இல்லையென்று தெரியவந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று 2018-இல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெர்மிட் இல்லாமல் ஓட்டுவதை அடிப்படை விதிமீறலாகவே அந்தத் தீர்ப்பு பார்க்கிறது. வரி பாக்கி என்றால் பெர்மிட் புதுப்பிப்பு நகராது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், மூன்று மாத வரியில் விழும் ஓட்டை வீட்டையே விற்கும் இடம் வரை போகும் என்பது புரியும். இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது, அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அடிபட்டவருக்குக் காசு முதலில் கிடைத்துவிடும், இல்லையா அம்மிணி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அது போதும். மிச்சத்தை நாம் பார்த்துக்கொள்வோம்" என்றார். அவர் மனது அப்படி.

சென்ற நவம்பரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான்கு தேதிகளில் நவம்பர்தான் எப்போதும் கடினமானது. ஆயுத பூஜைக்குப் பட்டறைகள் மூடும். வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி ஓய்வு கொடுப்போம். அடுத்துத் தீபாவளி. மெக்கானிக்குகள், பெயின்டர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள். 45 நாள் என்று சொன்னாலும், வேலை நடக்கும் நாட்கள் அதில் முப்பதுகூடத் தேறாது. எங்கள் வண்டியின் காப்பீடு முடிவதும் அக்டோபரில்தான்.

காப்பீட்டைக் கெடு முடிவதற்கு முன்பே புதுப்பித்துவிட்டேன். பாலிசி கைக்கு வந்துவிட்டது. ஆனால் வண்டிகளின் விவரங்கள் இருக்கும் அரசின் 'வாகன்' இணையதளத்தில் பார்த்தால் பழைய பாலிசியின் தேதியே நின்றது. பாலிசி எடுத்ததும் நிறுவனம் அந்த விவரத்தை அரசுத் தளத்துக்கு அனுப்ப வேண்டும். அது போய்ச் சேரும் வரை, கணினியைப் பொறுத்தவரை நம் வண்டிக்குக் காப்பீடே கிடையாது. நிறுவனத்தை அழைத்தேன். இரண்டு நாளில் ஏறிவிடும் என்றார்கள். மூன்றாம் நாள் மறுபடி அழைத்தேன். வேறொருவர் எடுத்தார், முதலிலிருந்து சொல்லச் சொன்னார், மறுபடி இரண்டு நாள் என்றார். ஐந்தாம் நாள் பாலிசி நகல், ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றின் நகல், தளத்தில் தெரியும் பழைய தேதியின் படம் மூன்றையும் சேர்த்து, 'விவரம் ஏறவில்லை, வரிக் கெடு நவம்பர் 14' என்று தலைப்பிலேயே எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். அதற்கு மறுநாள் ஏறியது. வாயால் சொன்னது காற்றோடு போகிறது. எழுதி அனுப்பியதற்கு எண் விழுகிறது, பதில் சொல்லும் கடமை யாரோ ஒருவர் தலையில் ஏறுகிறது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லாததால் அழுத்திச் சொல்கிறேன்: கெடு இருக்கும் காரியத்தை முதல் நாளே எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது தொலைபேசி எண். வண்டியைப் பழையதாக வாங்கியபோது பெயர் மாற்றத்தை ஒரு புரோக்கர் செய்து கொடுத்தார். அப்போது தளத்தில் தம்முடைய எண்ணையே கொடுத்திருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அன்று எல்லோருக்கும் அப்படித்தான் செய்தார்கள். அதனால் வரி கட்டும்போதெல்லாம் ஓ.டி.பி. அவருக்குப் போகும், அப்பா அழைத்துக் கேட்பார், அவரும் பொறுமையாகச் சொல்லுவார். பல ஆண்டுகள் இப்படியே ஓடின. சென்ற ஆண்டு அவர் அந்த எண்ணை விட்டுவிட்டார். அழைத்துப் பார்த்தால், எடுத்தவர் எங்கோ ஒரு ஊரில் இருக்கும் யாரோ. எங்கள் லாரியின் வரி அந்த முகம் தெரியாதவரின் கைப்பேசியில் போய் விழும் ஆறு இலக்கங்களில் தொங்கியது. பழைய வண்டி வாங்கியவர்கள் தயவுசெய்து இன்றே பாருங்கள், உங்கள் ஆர்.சி.யோடு இணைந்திருப்பது யாருடைய எண் என்று. கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தெரியவந்தால் வயிற்றைக் கலக்கும்.

எண்ணை மாற்றுவதற்கு இணையத்திலேயே வழி இருந்தது, ஆதார் வழியாக. அங்கேதான் தமிழர்களாகிய நமக்கென்றே காத்திருக்கும் கல்லில் இடித்துக்கொண்டேன். ஆர்.சி.யில் அப்பாவின் பெயர், தாத்தா பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாக முன்னால் போட்டு, புள்ளி வைத்து இருக்கிறது. ஆதாரில் தாத்தாவின் பெயர் முழுதாக, அப்பாவின் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்து பின்னால், புள்ளி இல்லாமல். மூன்றும் ஒரே மனிதர் என்பது எங்கள் தெருவில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும். கணினிக்குத் தெரியாது. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நாம், அப்பா பெயரின் ஓர் எழுத்தைச் சுமந்துகொண்டு வாழ்கிறோம். அந்த எழுத்து எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று நம்மிடம் யாரும் ஒரே மாதிரி கேட்டதும் இல்லை, நாமும் ஒரே மாதிரி எழுதியதும் இல்லை. பள்ளிச் சான்றிதழில் தொடங்கும் இந்தக் குழப்பம், அறுபத்து மூன்று வயதில் லாரி வரி கட்டும்போது வழிமறிக்கிறது. எங்கள் வீட்டில் பிறந்திருக்கும் தம்பி மகனுக்கு முதல் காகிதத்திலிருந்தே ஒரே வடிவம்தான் என்று தீர்மானித்துவிட்டோம்.

வேறு வழியில்லாமல் அப்பாவும் நானும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நேரில் போனோம். முதலில் பெயரையே திருத்திவிடலாம் என்பது என் யோசனை. அங்கிருந்த பெண் எழுத்தர் எங்கள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்போது பெயரைத் தொடாதீர்கள் அம்மா. வண்டி மேல் கடன் இருக்கிறது, ஆர்.சி.யில் திருத்தம் என்றால் கடன் கொடுத்தவர்களின் சம்மதமும் வேண்டும். அது நாளாகும். எண்ணை மட்டும் மாற்ற எழுதிக் கொடுங்கள், ஐயா நேரில் வந்திருக்கிறார், அசல் ஆர்.சி. இருக்கிறது, பார்த்துவிடலாம்" என்றார். அவசரத்தில் எதை முதலில் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று ஒருவர் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு பெரிய உதவி! அன்று அவர் மனு எழுத வைத்த வெள்ளைத்தாளின் நகலை இன்னும் வைத்திருக்கிறேன். நான்கு வேலை நாட்களில் அப்பாவின் எண் ஏறியது. தேதி நவம்பர் 12.

அன்று இரவே கட்ட உட்கார்ந்தேன். அப்பாவின் கைப்பேசிக்கு முதல்முறையாக அவருடைய வண்டியின் ஓ.டி.பி. வந்தது. எண்களை அவரே கண்ணைச் சுருக்கிப் படித்தார். பணம் வங்கிக் கணக்கிலிருந்து போனது. ரசீது வரவில்லை. திரை வெள்ளையாக நின்றுவிட்டது.

மறுபடி கட்டிவிடு, தேதி போய்விடும் என்று அப்பா பதறினார். நான் கட்டவில்லை. இரண்டு முறை கட்டினால், அதைத் திரும்பப் பெறுவது இதைவிடப் பெரிய காகித வேலை. தளத்திலேயே நிலுவையில் நிற்கும் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் ஒரு பகுதி இருக்கிறது. வண்டி எண்ணைக் கொடுத்தால், பணம் போய்ச் சேர்ந்ததா, பாதியில் நிற்கிறதா என்று காட்டும். பாதியில் நிற்கிறது என்று காட்டியது. வங்கியின் குறிப்பு எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு விளக்கை அணைத்தேன். காலை ஆறரைக்கு மறுபடி பார்த்தபோது ரசீது இருந்தது. கெடுவுக்கு ஒரு நாள் மிச்சம்.

அந்த ஒரு நாளை நாங்கள் சும்மா பெறவில்லை. 2021-க்குப் பிறகு நீல அட்டை போட்ட ஒரு நோட்டில், ஒவ்வொரு கெடுவுக்கும் பின்னோக்கி எண்ணி எழுதத் தொடங்கினேன். எஃப்.சி. முடிவதற்கு அறுபது நாள் முன்னால் பட்டறையில் சொல்லி வைக்க வேண்டும். காப்பீடு முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் விலை கேட்க வேண்டும்; எடுத்த மறுநாளிலிருந்து தளத்தில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். காலாண்டு பிறந்த முதல் வாரமே அபராதச் சீட்டு ஏதாவது நிலுவையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்ற நவம்பரில் அந்த நோட்டு இல்லாமல், பத்தாம் தேதிக்கு மேல் கணினியைத் திறந்திருந்தேன் என்றால், காப்பீடு, எண், பெயர் என்று மூன்று கதவுகளும் ஒரே நேரத்தில் சாத்தியிருக்கும். வரி கட்டும் வேலை எனக்கு இப்போது அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. நவம்பர் 14 என்பது அது முடியும் நாள்.

வண்டி ஓடாமல் நின்றால் வரி உண்டா என்று சில வீடுகளில் என்னிடம் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பொதுச் சாலையில் பயன்படுத்தாத வாகனத்துக்கு வரி கேட்க முடியாது என்று ஆந்திர வழக்கு ஒன்றில் சொன்னது. அங்கே பேச்சு, விசாகப்பட்டினம் உருக்காலையின் சுற்றுச்சுவருக்குள் மட்டுமே ஓடிய வண்டிகளைப் பற்றியது. அதைப் படித்துவிட்டு, பட்டறையில் மூன்று வாரம் நின்ற வண்டிக்கு வரியை நிறுத்திக்கொள்ளாதீர்கள். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். ஓடிய பிறகோ நின்ற பிறகோ சொல்லும் கதையை யாரும் கேட்பதில்லை.

ரசீதை அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் அப்போது கோலாப்பூருக்கு இந்தப் பக்கம் எங்கோ தேநீர்க் கடையில் நின்றிருந்தார். டிஜிலாக்கரில் இருக்கும் ஆவணமே செல்லும் என்று 2018-இலேயே விதி வந்துவிட்டது. கைப்பேசியில் காட்டினால் போதும் அண்ணா என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் கேட்பதில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு படம் அனுப்பினார். வழியில் ஒரு கடையில் ரசீதை அச்செடுத்து, கண்ணாடித்தாள் உறையில் போட்டு, கேபினில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் செருகியிருந்தார். கீழே குரல் பதிவு: "தேதி பெரிதாகத் தெரிகிற மாதிரி மடித்து வைத்திருக்கிறேன் பாப்பா. அப்பாவிடம் சொல், இன்று ராத்திரி படுக்கச் சொல்."

அப்பா அதை இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு எழுந்துபோய், அடுத்த ஆண்டுக் காலண்டர் வந்துவிட்டதா என்று அம்மாவிடம் விசாரித்தார்.